குழாய் வாயில் ஒரு முழம் பிச்சிப்பூ

அந்தக் குழாயிலிருந்து துருத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். சரி, நின்றுவிட்டது என்று நான் திரும்பும்போது இன்னொரு சொட்டு விழும். கீழே அன்று காலையில்தான் கழுவித் துடைத்த சிமெண்ட் தரை. அதில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செம்பழுப்பாய்க் கறை.

நான் குந்தி உட்கார்ந்தேன். பழைய வேட்டித் துணியை ஒரு மரக்கட்டையில் இறுகச் சுற்றி அந்தக் குழாயின் வாயில் திணித்தேன். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினேன். சொட்டு நின்றது. எழுந்து கையை உதறிக்கொண்டு, பெரிய சாதனை செய்தவன்போல் சுற்றிலும் பார்த்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. கொப்பரைக்கு முன்னால் மாக்கோலம் போடப் போகிறார்கள். மேனேஜர் என்று நான் இருக்கும்போது கோலத்தில் துருத் தண்ணீர் விழுவதாவது!

அந்தக் குழாய், கொப்பரையின் பாதுகாப்பு வால்வினுடையது. அதை அடைத்தவன் நான். இதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

இலைத் தூசியும் இரட்டைக் கொப்பரையும்

இந்தத் தொடரில் இதுவரை என் பள்ளிக்கூடம், முதல் சைக்கிள், கல்யாணம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை பார்த்த இடத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதோ வந்துவிட்டேன் ஐயா.

தொண்ணூறுகளில், திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில், தாமிரபரணி வாய்க்காலை ஒட்டி ஒரு சின்ன ஆலை. நிலாவாரை இலையைக் காய்ச்சி, சாறு இறக்கி, சுண்ட வைத்து அனுப்புவது எங்கள் தொழில். மலச்சிக்கலுக்கு மருந்தாகும் இலை. மழையை நம்பி விளைகிற காட்டுச் செடி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, வெளிநாட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பெயரைச் சொல்லியே அதைக் கேட்டு வாங்குவார்கள்.

அந்த இலைக்கு ஒரு குணம் உண்டு. அதன் தூசியே போதும், வேலையைக் காட்டிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் ஒரு வாரம் வாய்க்கால் கரைக்கும் ஆலைக்குமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். நானும் ஓடியிருக்கிறேன். மேனேஜர் என்பதற்காக அந்த இலை மரியாதை கொடுத்துவிடவில்லை.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகவே மன்னிப்பார்.

இனி கொப்பரை. இது தெரியாவிட்டால் கதை புரியாது. இலையைக் காய்ச்ச எங்களிடம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கொப்பரை இருந்தது. அடியில் நெருப்பு வைத்தால் இலை கருகிவிடும். அதனால் கொப்பரைக்கு வெளியே இன்னொரு கொப்பரையைப் போர்த்தியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. பாய்லரிலிருந்து வரும் நீராவி அந்த இடைவெளியில் புகுந்து சூடேற்றும். குளிர்ந்து தண்ணீராகிக் கீழே இறங்கும். மேலே ஆவி வர ஒரு வால்வு, கீழே தண்ணீர் போக ஒரு வால்வு. வெளிக் கொப்பரையை எங்கள் ஆட்கள் 'சட்டை' என்பார்கள். கொப்பரைக்குச் சட்டை போட்டிருக்கிறதாம்.

காசிம் கேட்ட கேள்வி

காசிம் மேலப்பாளையத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். வளைகுடாவில் ஏதோ எண்ணெய் ஆலையில் பல வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு வந்தவர். குறைவாகப் பேசுவார். பேசினால் விட மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், கொப்பரைச் சட்டைக்கு சேஃப்டி வால்வ எங்க வச்சிருக்கீய?"

"பாய்லர் மேல இருக்குல்லா? பாக்கலியாவே நீரு?"

"அது பாய்லருக்குள்ளது சார். நான் சட்டைக்குக் கேக்கேன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் படித்துவிட்டு வந்தவன். சட்டைக்கு ஆவி எங்கிருந்து வருகிறது? பாய்லரிலிருந்து. பாய்லருக்கு ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அழுத்தம் கூடினால் அது திறந்துகொள்ளும். பிறகு சட்டைக்குத் தனியாக எதற்கு? இதைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் விளக்கினேன்.

காசிம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"மேல் வால்வையும் கீழ் வால்வையும் அடைச்சிட்டா சார்?"

"அடைச்சா என்ன? ஆவி வராது. ஆறிக் கிடக்கும்."

"உள்ள தண்ணி கிடக்குமே. அந்த நேரத்துல வெளிய தீ புடிச்சா?"

"தீ ஏன்வே புடிக்கப் போவுது?"

"இது பூராவும் காஞ்ச இலைல்லா சார்" என்றார் காசிம். "தீ புடிச்சா, பாய்லரு அணைஞ்சு கிடந்தாலும் சட்டைக்குள்ள தண்ணி கொதிக்கும். ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. பாய்லரு வால்வு என்ன செய்யும்? அதுக்கும் இதுக்கும் அப்ப சம்பந்தமே கிடையாதுல்லா."

நான் பேனாவை மூடி வைத்தேன். "பாப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் ஆலையில் 'பாப்போம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். காசிமுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் இருந்தார். வாரா வாரம் வந்து நின்றார். "பாத்தீயளா சார்?"

மூன்று மாதம் கழித்து, அவர் தொல்லை தாங்காமல் ஒரு வால்வு வரவழைத்தேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், குழந்தைக்கு எடுத்த சட்டை சின்னதாகிவிட்டதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

"இது பத்தாது சார். தீன்னா ஒரு பக்கத்து அடுப்பு இல்ல. சுத்திச் சுத்தி அடுப்பு. அவ்வளவு ஆவியும் ஒரே நேரத்துல வெளிய போவணும். வாய் பெருசா வேணும்."

"நீரு என்ன தீயக் கல்யாணத்துக்கு அழைச்சிருக்கீரா?"

அவர் சிரிக்கவில்லை. "அங்கன ஒரு தடவ பாத்திருக்கேன் சார். இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு கிடையாது" என்றார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

பெரிய வால்வு வந்தது. காசிமே பொருத்தினார். அதற்கும் சட்டைக்கும் நடுவே வேறு அடைப்பு எதுவும் வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆவி வெளியேறும் குழாயைக் கொப்பரையின் முன் ஓரத்தில் இறக்கி, வாயை யாரும் நடமாடாத சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்தக் குழாயைத்தான் நான் துணி வைத்து அடைத்தேன்.

வெள்ளிப் பெயிண்ட்

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை வந்தால் இரும்பாய் இருப்பது எதுவும் தப்பாது. கத்திரிக்கோலிலிருந்து லாரி வரைக்கும் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பூப்போட்டு உட்கார வைத்துவிடுவோம். நான் அதில் கொஞ்சம் அதிகப்படி. ஆலை முழுவதும் வெள்ளி நிறப் பெயிண்ட் அடிக்கச் சொல்வேன். குழாய், தூண், கொப்பரை, வால்வு, எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். வால்வின் உள்ளே ஏறி இறங்க வேண்டிய தண்டின் மேலும் பெயிண்ட் ஏறி, காய்ந்து, பிடித்துக்கொள்ளும் என்பதை நான் யோசித்ததே இல்லை. அழகாக இருக்கிறதா, அவ்வளவுதான்.

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு உற்சாகம். "தொழிலாளிக எல்லாரும் குடும்பத்தோட வரணும்வே. பூஜை முடிஞ்சதும் பந்தி" என்றார். பந்தி போட இடம்? இலைச் சாக்குகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியைக் காலி செய்தோம். காய்ந்த இலைச் சாக்குகளை எங்கே அடுக்குவது? கொப்பரைக் கொட்டகையில், கொப்பரையைச் சுற்றி மூன்று பக்கமும். அது என் உத்தரவு.

கொப்பரையை நிறுத்தும்போது சட்டையில் தங்கும் தண்ணீரைக் கீழ் வால்வு வழியாக வடிய விடுவது வழக்கம். அன்று வடிய விட்டால் தரையெல்லாம் ஈரமாகும். "ரெண்டு வால்வையும் அப்படியே அடைச்சிருங்க" என்றேன். அதுவும் என் உத்தரவு.

கடைசியாகத் துணி. அதற்கு உத்தரவுகூட இல்லை. என் கையாலேயே செய்தேன்.

எனக்கு மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. பாய்லர் அணைந்துவிட்டது. மூன்று நாள் விடுமுறை. ஆவியே இல்லாத இடத்தில் வால்வு எதற்கு? காசிம் மாதக்கணக்கில் சொன்ன அந்த ஒரே விஷயம் என் ஒரு காதில் நுழைந்து மறு காது வழியாகப் போயிருந்தது.

தலையில் பூ இல்லாத படம்

பூஜையன்று காலையில் நானும் பார்வதியும் போய் இறங்கினோம். பார்வதி என் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை. கோலம் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை செய்யப் போனேன். அவள் மாவுக் கிண்ணத்தோடு கொப்பரைக் கொட்டகைக்குப் போனாள்.

பாய்லர் ஆள் இசக்கிமுத்து கரடியாக வந்திருந்தான். பயந்துவிடாதீர்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ராஜா, போலீஸ், குறத்தி, காளி என்று ஒரு மாதிரியாக ஊரே மாறிப்போகும். இசக்கிக்கு அந்த வருஷம் கரடி. கறுப்புச் சாயம் ஏற்றிய நார் அங்கி. முகத்தை மட்டும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், பூசணிக்கா நாந்தான் சுத்துவேன்" என்றான். வருஷா வருஷம் அவன்தான் சுற்றுவான்.

பூஜைக்கு முன் எல்லோரும் சேர்ந்து கொப்பரைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். அப்போதுதான் கவனித்தேன். காலையில் வீட்டில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு கிளம்பிய பார்வதியின் தலையில் பூ இல்லை.

"பண்டிகையும் அதுவுமா தலையில பூ எங்க?"

"சாமிக்குக் குடுத்துட்டேங்க."

"அதுக்காக உள்ள பூ பூராவுமா?"

"கேட்டாக, குடுத்தேன்" என்றாள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், கரடிகூடச் சிரிக்கிறது. நான் மட்டும் கடுகடுவென்று இருக்கிறேன்.

தீபாராதனை காட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. நான் அடைத்த அந்தக் குழாயின் வாயைச் சுற்றிப் பூச்சரம் தொங்கியது. வால்வுக்குச் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டும் வைத்திருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் காசிம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவருடைய வால்வு, அவரே அலங்காரம் செய்திருக்கிறார் போலும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். என் அடைப்பும் அதனால் வெளியே தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கரடி சுற்றிய பூசணி

இசக்கி பூசணிக்காயின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, கொட்டகையைச் சுற்றி வந்து, வாசலில் போட்டு உடைத்தான். சுற்றும்போது எரிகிற கற்பூரத் துண்டு ஒன்று சாக்குகளுக்கு நடுவே விழுந்திருக்க வேண்டும். கரடிக் கை உறைக்குள் இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் மேல் தப்பில்லை. சாக்கை அங்கே அடுக்கச் சொன்னவன் நான்.

எல்லோரும் பந்திக்குப் போனோம். சாம்பார் முடிந்து ரசம் ஊற்றும்போது வாசம் மாறியது. நிலாவாரை எரிந்தால் ஒரு காட்டமான புகை வரும், தொண்டையைப் பிடிக்கும். யாரோ "தீ! தீ!" என்று கத்தினார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது கொப்பரை தெரியவில்லை. சுற்றிலும் தீ. சாக்கு அடுக்கு மூன்று பக்கமும் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் வெள்ளிப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்துகொண்டிருந்தது.

பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வாய்க்காலுக்கு ஓடினார்கள். குடம், வாளி, அண்டா என்று கிடைத்ததையெல்லாம் எடுத்து வரிசை கட்டினார்கள். வரிசையின் முதல் ஆளாக, தீக்குப் பக்கத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவள் பார்வதி. அவளுக்கு அடுத்து இசக்கி. நார் அங்கியோடு தீயை நோக்கி ஓடியவனைக் காசிம் குறுக்கே பாய்ந்து மறித்தார்.

"ஏலே, மொதல்ல அதக் கழத்துலே! நீயே பந்தமா எரிஞ்சு போவே!"

கரடி நிமிஷத்தில் இசக்கியானான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நினைவுக்கு வந்தது. மேல் வால்வு அடைத்திருக்கிறது. கீழ் வால்வு அடைத்திருக்கிறது. சட்டைக்குள் தண்ணீர் இருக்கிறது. சுத்திச் சுத்தி அடுப்பு. ஆவி போக இருந்த ஒரே வழியை நான் மரக்கட்டை வைத்து அறைந்திருக்கிறேன். அந்தச் சட்டை கிழிந்தால் இரும்புத் தகடும் கொதிநீரும் முதலில் போய்ச் சேர்கிற இடத்தில் என் மனைவி நிற்கிறாள்.

என் கால் நகரவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். குரல் மட்டும் வந்தது.

"பார்வதி! வெளிய வா! எல்லாரும் வெளிய வாங்க! கொப்பரை வெடிக்கும்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் வெடிக்காதுங்க! குடத்த வாங்கிக் குடுங்க!" என்று கத்திவிட்டுத் தண்ணீரை வீசினாள்.

விவரம் தெரியாமல் பேசுகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொப்பரை வெடிக்கும் என்று கத்த முடிந்த எனக்கு, ஏன் வெடிக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடைத்தது யார் என்றும் சொல்ல வேண்டுமே. அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போனது.

காசிம் அலட்டிக்கொள்ளாமல் வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். "எல்லாரும் வாய்க்கா பக்கமா வாங்க! பைய, பைய! தூணுக்கு இங்கன நில்லுங்க! சுவத்துப் பக்கம் ஒரு ஆளு போவக் கூடாது!"

அந்தச் சத்தம்

முதலில் ஒரு உறுமல். பிறகு காது கிழிகிற மாதிரி ஒரு சீறல். சுவர்ப் பக்கமிருந்து வெள்ளையாய் ஆவி பீறிட்டது. ஆட்கள் குடத்தைப் போட்டுவிட்டுச் சிதறி ஓடினார்கள். அண்ணாச்சி "வெடிச்சிட்டு! வெடிச்சிட்டு!" என்று தலையில் கை வைத்தார்.

வெடிக்கவில்லை. வால்வு திறந்திருந்தது. காசிமின் வால்வு, எப்படித் திறக்க வேண்டுமோ அப்படித் திறந்து, சட்டைக்குள் இருந்த ஆவியையெல்லாம் சுவரைப் பார்த்து ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் சீறியது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆவியிலேயே சுவர்ப் பக்கத்துத் தீ பாதி அவிந்துவிட்டது. மீதியை வாய்க்கால் தண்ணீரும், பின்னால் வந்த தீயணைப்பு வண்டியும் பார்த்துக்கொண்டன.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்தச் சீறலைப்போல் என்னைக் குளிரவைத்த சத்தம் வேறு கிடையாது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இசக்கியின் முழங்கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

சாயங்காலம் காசிமைத் தனியாகப் பிடித்தேன். கொட்டகை முழுக்கக் கரி. குழாய் வாயில் பூ இருந்த இடத்தில் கறுத்த நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"துணி?" என்றேன்.

"பாய்லர் ரூமுல கிடக்கு சார். நல்ல துணி. தொடைக்க ஆவும்."

"எப்பவே எடுத்தீரு?"

"காலைலதான். வால்வு மேல பெயிண்டு அப்பியிருந்துது. அதச் சுரண்டி எடுக்கலாம்னு வந்தேன். பாத்தா வாயையும் அடைச்சிருந்தீய. கீழ் வால்வத் தொடல சார். தண்ணிய வடியவிட்டா கோலம் அழிஞ்சிரும், நீங்க கண்டுபிடிச்சிருவீய."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்பவும் அடைப்பீயல்லா? அதான் நீங்க பாக்கக் கூடாதுன்னு பூவப் போட்டு மறைச்சேன். பூப்போட்ட எடத்துல நீங்க கைய வைக்க மாட்டீயன்னு தெரியும்."

"பூ ஏதுவே?"

"கெடச்சிது சார்" என்று சொல்லிவிட்டுக் கருகிய சாக்குகளைப் புரட்டப் போய்விட்டார்.

அந்த அடைப்பை ஆவியே பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்று பின்னாளில், யாரோ அடைத்ததாக நான் கதைபோல் கேட்டபோது, ஒரு பொறியாளர் சமாதானம் சொன்னார். போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். வால்வுத் தண்டில் காய்ந்து கிடந்த பெயிண்டை எந்த ஆவி சுரண்டியிருக்கும்? பார்வதி நின்ற இடத்தை நினைத்தால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பொன்னாடை

விடுமுறை முடிந்த முதல் நாளே அண்ணாச்சி எல்லோரையும் கூட்டினார். "சட்டைக்குத் தனியா ஒரு வால்வு வேணும்னு நம்ம மேனேஜரு முன்கூட்டியே யோசிச்சிருக்காருவே! எத்தன குடும்பம் தப்பிச்சிருக்கு!" என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நான் வாயைத் திறந்தேன். எதிரே காசிம் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன். "எல்லாம் காசிம் யோசனைதான்" என்று மட்டும் முனகினேன். அண்ணாச்சி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினார்.

அதற்கப்புறம் நான் ஆலையை விட்டு விலகும்வரை எந்த வால்வின் மேலும் பெயிண்ட் படவில்லை. சட்டைத் தண்ணீரை வடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. ஆயுத பூஜைக்குக் கோலம் போடுவதை வாசலோடு நிறுத்திக்கொண்டோம். காரணம் கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். காசிம் கேட்கவே இல்லை. சில வருஷம் கழித்து மறுபடியும் வளைகுடாவுக்குப் போனார். பெருநாளுக்குப் பெருநாள் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசாத அந்த ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது.

போன வாரம் நான் ஏன் வரவில்லை

போன வாரம் இந்தப் பக்கம் காலியாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சென்ற வாரத்துக்காக நான் எழுதியது, பொன்னாடையோடு முடிகிற இந்த அத்தியாயத்தைத்தான்.

என் கையெழுத்தை அச்சுக்கூடத்தில் யாராலும் படிக்க முடியாது. தொடரை நான் கிறுக்குவேன். பார்வதிதான் அழகாகப் படியெடுத்துத் தபாலில் சேர்ப்பாள். இதை மட்டும் அவளிடம் கொடுக்க இரண்டு நாள் தயங்கினேன். தீக்கு முன்னால் நின்றவளிடம், நீ நின்ற இடத்தில் உன்னைக் கொல்லக்கூடிய காரியத்தைச் செய்தவன் நான்தான் என்று எப்படி நீட்டுவது? கடைசியில் மேஜைமேல் வைத்துவிட்டு, பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் பால் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் படித்து முடித்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பூ ஏதுன்னு காசிம் சொல்லலியாக்கும்?"

"இல்ல. கெடச்சிதுன்னாரு."

"ஏந் தலையில இருந்து கெடச்சிது" என்றாள் பார்வதி.

"நான் கோலம் போட்டுக்கிட்டு இருந்தேன். காசிம் வந்து குழாய்ல இருந்து உங்க வேட்டித் துணிய உருவி எடுத்தாரு. நாந்தான கிழிச்சுக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா? 'இது எங்க வீட்டு வேட்டில்லா'ன்னேன். 'அக்கா, இது தொறந்து கிடந்தாத்தான் கொப்பரை வெடிக்காது. சாரு தெரியாம அடைச்சிட்டாக. பாத்தா திரும்ப அடைச்சிருவாக. மறைக்கதுக்குக் கொஞ்சம் பூ தாங்க'ன்னாரு. கழத்திக் குடுத்தேன்."

ஒண்ணும் வெடிக்காதுங்க என்று அன்று அவள் கத்தியது காதில் மறுபடியும் கேட்டது. விவரம் தெரியாமல் பேசியவள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்துதான் அங்கே நின்றிருக்கிறாள்.

"இவ்வளவு நாளா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களே சொல்லுவீயன்னு இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்திய அன்றைக்கும் காத்திருந்தாள். அதற்கடுத்த ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காத்திருந்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால், வெட்கம் பாதி, நன்றி பாதி என்றுதான் சொல்ல வேண்டும். அழுது முடித்தபோது நன்றிதான் மிச்சமிருந்தது.

அவள் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். "பத்திரிகைக்கு அடுத்த வாரம் அனுப்பிக்கிடலாம். மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க" என்று போனில் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

காசிம் இப்போது மேலப்பாளையத்தில்தான் இருக்கிறார். பேரன் பேத்தி எடுத்துவிட்டார். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பொன்னாடை உமக்குப் போட்டிருக்க வேண்டியது என்றேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். நன்றி என்ற சொல்லை அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

"சார்" என்றார் காசிம். "அக்கா பக்கத்துல இருக்காகளா?"

"இருக்கா."

"அது போதும் சார்" என்றார்.